பழுப்பு டயல்

மூன்றாவது சுற்றில் என் ஆள்காட்டி விரல் நகம் பிளந்தது.

என் கடிகாரக் கடையின் வேலை மேசை ஓரத்தில் திருகி வைத்திருக்கும் வைஸ், இறுக்கிப் பிடிக்கிற கருவி. கடிகாரக் கூடுகளை அசையாமல் பிடித்துக்கொள்ள நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். அதன் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே இப்போது என் வலது கை விரல்கள் இரண்டு. பிடியைத் திருகிக்கொண்டிருந்தவர் என் வாடிக்கையாளர் காண்ட்ராக்டர்.

பட்டப்பகல். அவருடைய டிரைவர் ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டு, என்னை நாற்காலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தான். வெளியே ஒரு பஸ்காரன் அடித்த ஹாரனில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

பதினோரு வருடமாக என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர். மகள் கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து கொடுத்தவர்.

“டேய், இந்த டயல அடுப்புல வெச்சு வாட்டுனியா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“இல்ல சார். வெயில்ல தானா மாறுனது.”

நான்காவது சுற்று.

ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஸ்போர்ட்ஸ் வாட்ச். கடலில் முங்குகிறவர்களுக்கென்று செய்தது, இன்றைக்கு யானை விலை. அதில் அபூர்வமான வகைகள் ஏழு. ஏழையும் சேர்ப்பதுதான் காண்ட்ராக்டரின் பிறவிப் பயன். ஆறை நான் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். ஏழாவது, கறுப்பு டயல் வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பழுப்பாகிப்போனது. போன மாதம் அதையும் நானேதான் கொடுத்தேன்.

கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு கொடுத்திருக்கலாம். ஒரு கதையையும் சேர்த்துக் கொடுத்தேன். இந்தப் பைத்தியங்களுக்குக் கடிகாரம் மட்டும் போதாது, அதை யார் கட்டியிருந்தார்கள் என்பதும் வேண்டும். போர் விமானி ஒருவர் கட்டியது என்றேன். பெயரும் சொன்னேன். காண்ட்ராக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனிதர் விசாரித்துவிட்டார். அந்தப் பெயரில் எந்த விமானியும் எந்தக் காலத்திலும் பறக்கவில்லை. விமானி பொய் என்றால் பழுப்பும் பொய். அதுதான் அவர் முடிவு.

“சார், உண்மையில அது யாரோடதுன்னா...”

“இன்னொரு கதையா?”

ஐந்தாவது சுற்று. நடுவிரலில் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. வலி கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. வந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. நாக்கைக் கடித்திருக்கிறேன் போல, வாயெல்லாம் ரத்தம்.

தலைமுடியைவிட மெல்லிய சுருள்கம்பியை இடுக்கியால் தூக்குகிற விரல்கள் அவை. அவைதான் என் சோறு. அது போச்சு என்று தெரிந்த நொடியில் எனக்குப் பயமும் போச்சு.

காண்ட்ராக்டர் தன் பெட்டியைத் திறந்து, மேசைமேல் கிடந்த பழுப்பு டயலுக்குப் பக்கத்தில் வைத்தார். வெல்வெட் குழிகளில் மற்ற ஆறும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

“இதுல எத எத நீ செஞ்ச? பொய் சொன்னா அடுத்த கையும் போயிரும்.”

ஆறையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தேன்.

“எல்லாமே, சார். ஆறும் என் கை வேலைதான்.”

டிரைவரின் பிடிகூடத் தளர்ந்துவிட்டது.

காண்ட்ராக்டர் என் சுத்தியலை எடுத்தார். வெள்ளை டயல் முதல் அடியிலேயே போனது. தேதி இல்லாதது இரண்டு அடி வாங்கியது. சிவப்பு எழுத்துக்காரன் கண்ணாடி நொறுங்கியும் ஓடினான், மூன்றாவது அடியில்தான் நின்றான். எழுத்துப் பிழையோடு அச்சானது, பச்சை வளையம், ராணுவத்துக்கென்று செய்தது, மூன்றும் போயின. பல்சக்கரம் ஒன்று பறந்து வந்து என் மோவாயில் வழிந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் என் குடும்பத்தையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, அழுதுகொண்டு அடித்தார்.

பழுப்பு டயலுக்கு வந்தபோது ஓங்கிய கையில் தெம்பு இல்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு, கடிகாரத்தை என் முகத்தில் விட்டெறிந்தார்.

“இந்தச் சனியன நீயே கட்டிட்டுச் சாவு.”

புருவம் கிழிந்தது. நாற்காலியோடு என்னை உதைத்துத் தள்ளிவிட்டு, ஷட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வைஸ் விரலை விடவில்லை. இடது கையால் எட்டித் திருகி, என்னை நானே கழற்றிக்கொண்டேன்.

ஆறும் அசல். நானே தேடி, நானே திறந்து, ஒவ்வொரு திருகாகப் பார்த்தவை. தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, என்ன செய்ய?

ஏழாவது, சுவரோரம் குப்புறக் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஓடியது. இடது கையில் கடிகாரம் கட்ட வலது கை வேண்டும். சங்கிலிக்குள் கையை நுழைத்து, கொக்கியை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது.

யாரோ ஒரு மாலுமி இரண்டு பாட்டில் ரம்முக்கு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன கடிகாரம். அப்பா அதைக் கட்டிக்கொண்டு, இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டபடி இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். டயல் பழுத்தது, கை கறுத்தது. என் மனைவியின் ஆபரேஷனுக்காக நான் விற்றேன். கிரேன்காரன் கட்டியது என்று சொன்னால் காண்ட்ராக்டர் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதனால் அப்பாவைப் பறக்கவிட்டேன்.

பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்பாவின் பெயரையே சொன்னேன்.

காண்ட்ராக்டர் துறைமுகத்தில் விசாரித்திருக்க வேண்டும்.