கொட்டில் மணி

மாரடைப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளுக்கு ராஜ உபசாரம். கொட்டிலுக்குள் எந்த உயிருக்கு வலித்தாலும் சுவரே கண்டுபிடித்து மணியடிக்கும். டாக்டர்கள் ஊசியோடு ஓடி வரவேண்டும். விதி அப்படி.

கொட்டில் கழுவும் பிலோமினாவுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு அடைத்து, இடது கையெல்லாம் கடுத்தது. வராந்தாவில் நின்ற டாக்டர் குலோத்துங்கனிடம் சொன்னாள்.

"வாயுவா இருக்கும்மா. ஒரு சோடா குடி," என்றார், இதய சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்த அந்த மகான்.

பிலோமினா சோடாவுக்குப் போகவில்லை. கொட்டிலுக்குள் புகுந்து, பெரிய பன்றியின் பக்கத்தில் வைக்கோலில் படுத்துக்கொண்டாள். மணி அலறியது. மகானும் இன்னும் நாலு டாக்டர்களும் மூச்சிரைக்க ஓடிவந்து, அவளைத் தாண்டிப் போய்ப் பன்றியின் நெஞ்சில் கருவியை வைத்தார்கள்.

"அப்பாடா, இது நல்லாத்தான் இருக்கு," என்றார் குலோத்துங்கன். "அந்தம்மாவைத் தூக்கி வெளியே விடுங்கய்யா. அப்பத்தான் மணி நிக்கும்."