இன்னொரு காப்பி

டெலேனி கடிதத்தை அழித்துவிட்டு பலரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு பகிர்ந்துகொள்ளும் புரோகிராமில் மறுபடி தன் பெயரைப் போட்டுத் தேடினாள். கடிதம் மறுபடியும் வந்து நின்றது.

“உன் கம்ப்யூட்டர்ல அழிச்சா போதுமா, லூசு? எவனோ இறக்கிட்டான். இப்ப அவன்கிட்டேருந்து வருது,” என்றான் அண்ணன் ராய்ஸ் அலுப்பாக. “பாட்டு பகிர்ற ஃபோல்டர்ல கடிதத்தைப் போட்டா ஊரே எடுக்கும்.”

“வீட்டு விஷயமெல்லாம் எழுதியிருக்கேன்டா. ஊர் எதுக்கு என் பேரைத் தேடணும்?”

ராய்ஸ் அதே புரோகிராமில் அந்த ஆள் பகிர்ந்திருந்த ஃபோல்டரைத் திறந்தான். பாட்டு ஒன்றுகூட இல்லை. அந்தக் கடிதம், டெலேனியின் நீச்சல் போட்டிப் படம், சின்ன வயதில் ராய்ஸ் பல் விழுந்த வாயோடு சிரிக்க, அப்பா எடுத்த படம்.

ஆறு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன அப்பாவுக்கு அவள் எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதம் அது. ‘திரும்பி வரவே வராதீங்க’ என்று முடியும்.

“அது பழைய கோபம்னு அவருக்கு எப்படிடா தெரியும்?”