சைஃப் நட்ட மரம்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுவைனா வந்துவிட்டாள். கடற்கரை வீட்டிலிருந்து சுமந்துவந்த கேனைக் கவிழ்த்து, இறந்துபோன கணவன் நட்ட மரத்தடியில் கடைசிச் சொட்டுவரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பூங்கா ஓடையின் மறுகரையில், கருவேலம் வெட்ட வந்திருந்த தொண்டர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்ஃபான், மஸ்கட்டில் வாங்கிய புது ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"உங்க அண்ணி. நீங்கதான் சொல்லணும்." ஹுமைத் பேரீச்சங்கொட்டையைத் துப்பினான். "மழைக்கு முன்னாடி அந்த மரத்தை வெட்டலைன்னா காயெல்லாம் வெள்ளத்துல போயிடும். இத்தனை வருஷம் பிடுங்கினது மொத்தமும் திரும்ப முளைக்கும்."

கல்ஃபானுக்குத் தெரியாததா? சீமைக் கருவேலத்தை ஒழிக்க இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததே அவன் அண்ணன் சைஃப்தான். 'முள்ளைப் பாருங்கடா. கணுவுல ஜோடியா இருந்தா எதிரி. கணுவுக்கு நடுவுல தனித்தனியா இருந்தா நம்ம வன்னி' என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்.

கண் மங்கிய கடைசி மாதத்தில், வன்னி என்று நம்பி ஒரு கன்றை நட்டார். அது முள் விட்டபோது அவர் இல்லை. முட்கள் ஜோடி ஜோடியாக இருந்தன.

பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. காற்றடித்தால் அதற்குள்ளிருந்து சைஃப் இருமுகிறார் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அதன் நிழலில் ஒருவரும் உட்காருவதில்லை.

சுவைனாவோடு வந்த ஆடுகள் இலையைச் சீண்டவில்லை. மரத்தடி மண்ணை மட்டும் விடாமல் நக்கிக்கொண்டிருந்தன.

"ஆட்டுக்குக்கூட எசமான் மேல எவ்வளவு பாசம் பாருங்க," என்றான் ஹுமைத்.

கல்ஃபான் ஓடையைக் கடந்தான். மரத்தை நெருங்கியபோது இருமல் அவனுக்கும் கேட்டது. காய்ந்த காய்கள்தான் உரசுகின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அண்ணி, இந்த மரம்..."

அவள் திரும்பவில்லை. "கருவேலம்தானே? முள் பார்க்க எனக்கும்தான் சொல்லிக்கொடுத்திருக்கார்."

"தெரிஞ்சுமா அண்ணி? அப்போ வெட்டிடலாமா?"

"வெட்டினா ஊர் சிரிக்கும். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் கடைசியில எதிரியை நட்டுட்டுப் போனார்னு சொல்லும். தானா பட்டுப்போனா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"பட்டுப்போகணும்னு நினைக்கிற மரத்துக்கா வாராவாரம் தண்ணி ஊத்துறீங்க?"

காலிக் கேனைத் தரையில் வைத்துவிட்டு, அவள் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கடல் தண்ணி, கல்ஃபான். நாலு வருஷமா ஊத்துறேன், சாகமாட்டேங்குதே."