கண்ணாடிக் கடையில் ஒரு வரி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா மடித்திருந்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, உங்க வேலையைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினா என்ன வரும்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் என் பதில். அப்புறம் மாத்த மாட்டேன்."

உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க, இரண்டு பஸ் மாறி வந்திருந்தான் அவன். மூன்று நாளாக மனப்பாடம் செய்த பேச்சு கைவசம் இருந்தது. பரீட்சை வைப்பார்கள் என்று எவனாவது சொல்லியிருக்கக் கூடாதா?

தாளில் ஒரே ஒரு வரி. குண்டு குண்டாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் எழுத்து. அவளுடையதேதான்.

பூஜ்யம் என்பது ஒன்று உண்டு என்றால் 'சரி' என்று காட்டு, இல்லை என்றால் 'முடியாது' என்று காட்டு. வரிக்கு அவ்வளவுதான் பொருள்.

ப்பூ, இவ்வளவுதானா என்று வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

அவன் கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறவன். பிழைப்பு லுவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில். லுவாவில் பூஜ்யமும் ஓர் எண். அதுவும் உண்டு என்றே கணக்கு. ஆகவே, 'சரி'.

அவள் மழை, வெயில், காற்று என்று வானிலை விவரங்களை அலசுகிறவள். பிழைப்பு பைத்தான் என்கிற வேறொரு மொழியில். அங்கே பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஆகவே, 'முடியாது'.

அச்சு அசலாக அதே வரி. ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டாம். அவன் மொழியில் தலையை ஆட்டும், அவள் மொழியில் கையை விரிக்கும்.

இந்த இரண்டு மொழிகளுக்காக இருவரும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? வரிசையைப் பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றிலிருந்து எண்ணுகிறதெல்லாம் ஒரு மொழியா என்பாள் அவள். ஆமைகூட உன் பைத்தானை முந்திவிடும் என்பான் இவன். சினிமா இடைவேளையில் ஆரம்பித்த வாக்குவாதத்தில் ஒருமுறை கடைசி பஸ்ஸையே விட்டார்கள். செத்தாலும் உன் மொழியில் ஒரு வரி எழுத மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தாள், மகராசி.

எந்த மொழி என்று கேட்க வாயெடுத்தான். கடைக்காரம்மா விரலை உயர்த்தினார். கேள்வியெல்லாம் கேட்கக் கூடாதாம். கேட்டாலும் அவருக்கு என்ன தெரியப் போகிறது?

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை, அவன் மொழியில் அது சத்தியமான பதில். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

பாழாய்ப்போன மனசு கேட்க வேண்டுமே!

எழுதியவள் அவள் என்றால் மொழியும் அவளுடையதாகத்தானே இருக்கும்? அப்படியானால், நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, அம்மா கையில் 'முடியாது' என்று கொடுத்து அனுப்பியிருக்கிறாளா? அவளுக்கே வேண்டாம் என்றால், ஒன்றும் அறியாத இந்த அம்மாவை ஏமாற்றி வாங்கும் சம்மதத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

அழுகை வந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை, இஸ்திரி போட்ட சட்டை, இருந்தும் வந்தது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது அவள் பக்கம் நின்று படித்துவிடுவோம் என்று முடிவு செய்தான்.

"முடியாதுங்க."

கண்ணாடி முன்னால் ஃபிரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. அவசரமே இல்ல."

"பாத்துட்டேங்க. முடியாதுதான்."

கடைக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட ராமா! ஒரு மாசமா சோறு தண்ணி மறந்து உங்க மொழியைக் கத்துக்கிட்டு, அதுலதான் தம்பி எழுதியிருக்கா! அவருக்கு அவர் மொழியை விட்டா வேற எதுவும் கண்ணுல படாதும்மா, கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லிடுவாருன்னு என்கிட்ட அடிச்சுச் சொன்னாளே!"

அவள் மொழி என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று என்னவோ முனகினான். முனகியது பாதி அவனுக்கே புரியவில்லை.

கடைக்காரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. தெருவே அறியும்.

போய் வருகிறேன் என்று எழுந்தான்.

அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அடியே, மாப்பிள்ளை உன் மொழியில படிச்சு முடியாதுன்னுட்டாருடி."