ஒரு கழித்தல் குறி

திருத்தணி தபாலாபீசின் சன்னல் கம்பிகளுக்கிடையே வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோதண்டம் மடியில் விரித்த காகிதத்தில் ஒரு கழித்தல் குறியின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறான். பென்சில் கரியைப் பயங்கரமான அழுத்தத்தில் நசுக்கினால் அதன் அடுக்குகள் எப்படி வைரமாக மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஆறு மாதம் காத்திருந்ததில், மெட்ராஸ் கம்ப்யூட்டரில் இன்று ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கணக்கைத் துளையிட்ட அட்டைகளாக நேற்றே கொடுத்துவிட்டு, தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்கு வந்தவன், காலையில் காப்பி குடிக்கும்போதுதான் அந்தக் குறி தப்பாக விழுந்திருப்பதைப் பார்த்தான். நசுக்க வேண்டிய கரியை மிஷின் இந்த நிமிஷமும் இழுத்துப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. போன் போட்டு நிறுத்தச் சொன்னால் மிச்ச நேரமாவது தேறும்.

“லைன் கிடைக்கலபா. நானும் போட்டுகினுதான் இருக்கேன்,” என்கிறார் கவுண்டரில் இருக்கும் ஞானம்மாள். முத்திரை குத்தும் சத்தம் நிற்கவேயில்லை. மலைப்படிகளிலிருந்து அரோகரா கேட்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம் ஆகும்போது போன் மணி அடிக்கிறது. ஞானம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ரிசீவரை நீட்டுகிறார்.

“சார், நானே சொல்லணும்னு இருந்தேன்,” என்கிறார் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். “இதுவரைக்கும் யார் கணக்கு போட்டாலும் மிஷின் பாதியில நின்னுகினே இருந்துச்சே, இன்னிக்கு ஒரு தப்புகூட காட்டாம முழுசா ஓடிச்சு சார்.”

கோதண்டம் கழித்தல் குறி தெரியாதபடி காகிதத்தை மடித்துக்கொள்கிறான்.

“ஆங்,” என்கிறான். “ரொம்ப சந்தோஷங்க.”