வாளியில் இருந்த கல்

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

முழங்கை வரை கை கடல்மீன் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது. விரல் நுனியில் உயிருள்ள பச்சைப் பவளத்துண்டு. அதன் அடியில் கடலைப் பருப்பளவு பசை. பாறையோடு அழுத்திப் பிடித்தால் அறுபது எண்ணுவதற்குள் பிடித்துக்கொள்ளும் என்று பவளம் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து இரண்டு முறை ஒட்டினாள். இரண்டு முறையும் கழன்று மணலில் விழுந்தது.

இது மூன்றாவது.

தொட்டியில் அலை எழுப்பும் மோட்டாரை நிறுத்தியிருந்தாள். அறையில் சத்தமே இல்லை.

முப்பத்தெட்டு.

மூக்கில் ஏதோ ஏறியது.

மீன் குழம்பு இல்லை. கருவாடும் இல்லை. உப்புத் தண்ணீர் கொதிக்கிற வாடை.

நாற்பது.

சமையல் எப்போதோ முடிந்துவிட்டது. சாம்பார், பீன்ஸ் பொரியல். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தொட்டிக்கு வந்தாள்.

நாற்பத்தொன்று.

கண் பால்கனிக்குப் போனது. நீல வாளி வைத்த இடத்தில்தான் இருந்தது. அரை வாளி உப்புத் தண்ணீரும் இருந்தது.

கல் இல்லை.

எண்ணுவதை நிறுத்தினாள்.

நேற்றுக் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து எடுத்த கல் அது. மேலே பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாக ஒரு பவளம். பக்கத்தில் இருந்ததையெல்லாம் மூடிக்கொண்டே வந்தது.

மாமனார் பார்த்துவிட்டார். அதை மட்டும் ஏன் தள்ளிவைத்தாய் என்று கேட்டார்.

பூச்சி பிடித்திருக்கிறது, மற்றதுக்கும் பரவிவிடும் என்றாள்.

பூச்சியெல்லாம் இல்லை. அந்தப் பவளத்தில் இருந்தது விஷம். வெறுங்கையால் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், வெந்நீர் மட்டும் காட்டவே காட்டாதீர்கள், ஆவியோடு கிளம்பினால் நேரே நுரையீரலுக்குப் போகும் என்று மூன்று வாரம் முன்பே கடைக்காரர் எச்சரித்துவிட்டார்.

இதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் தொட்டி அன்றைக்கே தெருவுக்குப் போயிருக்கும்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊசியையும் கத்தரியையும் கொதிக்கவைத்தே பென்ஷன் வாங்கியவர். இன்றைக்கும் சீப்பிலிருந்து நகவெட்டி வரை எல்லாம் அவர் கையால் ஒரு கொதி கண்டாக வேண்டும்.

கையை உருவினாள். பவளம் நின்றதா விழுந்ததா, பார்க்கவில்லை.

சமையலறையில் இட்லிக் குண்டான் தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் மேல் குனிந்து, கரண்டியால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

“மாமா, வெளிய வாங்க.”

“இரும்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். முட்டை கிட்டை எல்லாம் சாகணும்ல? அப்புறம் உன் தொட்டியிலயே திருப்பி வெச்சுக்கலாம்.”

போன வாரம் வரை அவருக்கு அது தெண்டத் தொட்டி.

“கல்லுக்கு வைத்தியம் பாக்குற மொத கம்பவுண்டர் நான்தான்” என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் இருமலானது.

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய்ந்தாள். அடுப்பை அணைத்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள்.

“ஏய், என்னம்மா, கரண்டி...”

கரண்டி தரையில் விழுந்தது. வாசற்கதவை அறைந்து சாத்தினாள்.

நான்கு மாடி. லிஃப்டுக்கு நிற்கவில்லை.

ஆட்டோவில் அவர் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் எத்தனை முறை இருமுகிறார் என்று மட்டும் கவனித்தாள்.

பதினொன்று.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினார்கள். தணிகாசலம், வயது அறுபத்தெட்டு. என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது அவரே முந்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். கடல் கல்லு ஒண்ணு. மருமக ஆசையா வளக்குறா. கொதிக்கவெச்சுக் குடுத்தேன். ஆவி லேசா தொண்டையில ஏறிடுச்சு.”

டாக்டர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். தொண்டையில் விளக்கடித்தார்.

“சூட்டு எரிச்சல்தான் பெரியவரே. வீட்டுக்குப் போகலாம். உப்புப் போட்டு வாய் கொப்பளிங்க.”

அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“பாத்தியா? நானும் ஆஸ்பத்திரிக்காரன்தான். இதுக்குப் போய் ஓடி வந்துட்ட, பயந்தாங்கொள்ளி.”

அவள் நாக்கில் இரும்பு ருசி தட்டியது. சமையலறைக்குள் நின்ற ஒரு நிமிடத்துக்கே இது. அவர் எத்தனை நிமிடம் குனிந்திருந்தாரோ.

கடைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். முதலில் வெறும் இருமல்தான். நடுக்கமும் மூச்சுத்திணறலும் நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மாமனார் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார். ஒரு கால் நுழைந்துவிட்டது.

அவள் சீட்டை வாங்கவில்லை.

“டாக்டர், அது வெறும் கல்லு இல்ல. அதுல விஷம் இருக்கு.”

டாக்டர் நிமிர்ந்தார். “யார் சொன்னது?”

“எனக்கு மூணு வாரமா தெரியும்.”

மாமனார் அவளைத்தான் பார்த்தார்.

பிறகு செருப்பிலிருந்து காலை எடுத்து, மறுபடியும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி.