முதல் விதி

ராணுவ அலுவலக வாசலின் இரும்புக் கம்பிகளில் வெயில் கொதிக்கிறது. ஆரியசாலை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பூமாரி, சுருள்கம்பி போட்ட இருபது புத்தகங்களை மார்போடு அணைத்து நிற்கிறாள். காவலர் அவளுடைய செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மரப்பெட்டியில் போடுகிறார். பதிலுக்குத் தந்த தகர டோக்கன் அவள் உள்ளங்கையில் சுடுகிறது. பையைக் கவிழ்க்கிறார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புளிக்குழம்புக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார். “தப்பா நினைக்காதீங்க சேச்சி, செக்யூரிட்டியாக்கும். உங்களப் போல உள்ளவங்க போன்லேருந்துதான் ரகசியம் வெளிய போவுது.” அவள் காதோரம் வியர்வை இறங்குகிறது. புத்தகங்களை மரப்பெட்டி அருகே இறக்கி வைத்து, டப்பாவை அழுத்தி மூடுகிறாள். மேலே இருக்கும் புத்தகத்தைப் பிரித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். ராணுவ இணையப் பாதுகாப்புப் பயிற்சி, ரகசியம் என்று சிவப்பில் தலைப்பு. அதன் கீழே முதல் விதி: எந்த ஆவணத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. “வாசிங்க சார். இம்புட்டையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லி நேத்து உங்க ஆபீசர் எனக்கு வாட்ஸ்அப்புலதான் அனுப்புனாரு.” அவள் மரப்பெட்டியைக் கைகாட்டுகிறாள். “என் போன் அதுக்குள்ளயே கெடக்கட்டும். மொதல்ல அவரு போனை வாங்கிப் போடுங்க.”